இரண்டாவது ஆணி காலி

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பதினேழு நிமிடத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. ஒன்பதேகால் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் இருபத்து நான்கு வருடம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுக்க மனம் வராது. அந்த நிமிடத்தில்தான் நான் என் வீட்டு மாடிக்கு ஏறி, சுவரிலிருந்த ஆணியிலிருந்து ஒரு பித்தளை டோக்கனைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டேன். சில வாரங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் மாடியில் போன் அடித்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கிறேன்.

அந்த டோக்கனுக்குச் சொந்தக்காரர் ஷிப்ட். எப்போது வருவார், எப்போது போவார், எப்போது சாப்பிடுவார், எப்போது தூங்குவார் என்று யாராலும் சொல்ல முடியாத மனிதர் பெங்களூரில் ஒருவர்தான் உண்டு. அது அவர். அவருடைய நிஜப் பெயர் கம்பெனிப் பதிவுக் காகிதத்தில் இருக்கிறது; வேறெங்கும் இல்லை. கூரியர் கொண்டுவருபவர்கூட, "ஷிப்ட் சார் மேல இருக்காரா?" என்றுதான் கேட்பார். அதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியாது.

என் மகள் பிரிசில்லாவும் ஷிப்ட்டும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி, ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடி அறையில் நடக்கிறது. இருவரும் சரிபாதிக்காரர்கள். தண்ணீர் டேங்கர் உங்கள் வாசலுக்குச் சரியாக எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லும் ஆப் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். கோடையில் இந்த ஊரில் இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. டேங்கர் எப்போது வரும் என்று ஊருக்கே சொல்கிற கம்பெனியில், அதைச் செய்தவர் எப்போது வருவார் என்று சொல்ல ஆள் இல்லை. இதை நான் பிரிசியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

அவர் முதல் முறை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மணி ஆறு ஐம்பது. கதவைத் திறந்தால், தோளில் பையும் கையில் டிபன் கேரியருமாக ஓர் ஆள்.

"யாருப்பா?"

"பிரிசி பார்ட்னர், ஆன்ட்டி."

"இன்னைக்கு சண்டே ஆச்சே. அவ இன்னும் தலைகூட வாரலையே."

"பரவால்ல ஆன்ட்டி. அவ செகண்ட் ஷிப்ட். நான் பர்ஸ்ட் ஷிப்ட். சாவி குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்கு மேல போயிடுவேன்."

கோலார் தங்கவயலிலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து, கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து நடந்தே வந்திருந்தார். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி இத்தனை வருடம் ஆகியும் அந்த வீட்டில் நாளை ஷிப்ட்டாகத்தான் பிரிப்பார்கள் போலிருக்கிறது. நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியபோது மணி ஒன்பது. அவர் மாடிப்படியில் உட்கார்ந்து, சாம்பார், ரசம், மோர் என்று முறைப்படி முழுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்குக் கேரியரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "குட் நைட் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார். அதற்கு மறுநாள் விடியற்காலை. புதன்கிழமை வரவேயில்லை. தங்கவயலில் இரண்டு லைன்களுக்கு இடையே கால்பந்து என்று தெரிந்தது. லைன் என்றால் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். ஆட்டத்தை முடித்துக்கொண்டு, முழங்காலில் கட்டோடு வியாழக்கிழமை வந்து, பதினாறு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஒருமுறை கம்பெனியில் பணம் போடலாமா என்று பார்க்கப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். நான் காபி கொண்டுபோனேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு மேஜைக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தரையில் விரித்த செய்தித்தாளுக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"இது யாரு?"

"எங்க டெக்னாலஜி ஹெட் சார்" என்றாள் பிரிசி.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான் சார். ஷிப்ட் முடிஞ்சிடுச்சு, அவ்ளோதான்."

பெரிய மனிதர் அந்தப் பாதங்களை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். அப்புறம் அவரிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிரிசி என்னவோ, "தூங்குறவனப் பாத்து ஓடுறவரு, முழிச்சிருக்கறவனப் பாத்தா என்ன பண்ணுவாரு?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் எப்படிப்பட்டவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தொழிற்சாலைக்கு வேலை நேரம் ஏழு முப்பது. ஏழு முப்பத்தொன்றுக்கு நான் சிவப்பு மையால் கோடு போடுவேன். தொழிலாளர்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'முப்பத்தொண்ணு மேடம்.' ஒருவருக்குப் பதில் இன்னொருவர் வருகை அட்டையைக் குத்துவதுதான் எங்கள் உலகத்தில் கொலைக் குற்றம். அதைப் பிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். மாதத்தில் ஒருநாள், யாருக்கும் சொல்லாமல், யாராவது ஒருவருடைய அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து என் மேஜைக்குள் வைத்துக்கொள்வேன். அந்த அட்டையைக் காணோமே என்று சொந்தக்காரரைத் தவிர வேறு யார் தேடுகிறாரோ, அவர்தான் குற்றவாளி. போன வருடம் விருப்ப ஓய்வில் வெளியே வந்தேன். பழக்கம் என்னோடு வந்துவிட்டது.

அதனால், ஷிப்ட் ஒருநாள் சிவாஜிநகரிலிருந்து இரண்டு பித்தளை டோக்கன்களும் ஒரு பலகையும் வாங்கிவந்து, மாடி வாசலில் ஆணி அடித்தபோது என் மனம் குளிர்ந்துவிட்டது.

"இது எதுக்குப்பா?"

"அட்டெண்டன்ஸ் ஆன்ட்டி. ஒண்ணாம் நம்பர் பிரிசிக்கு. ரெண்டு எனக்கு."

"இப்பதான் நல்ல காரியம் பண்றீங்க. டைம் எங்க எழுதுவீங்க?"

"டைம் எழுத மாட்டோம் ஆன்ட்டி."

"அப்புறம் என்னப்பா அட்டெண்டன்ஸ்?"

"ஆள் உள்ள இருக்கானா, வெளிய வந்துட்டானா. அது தெரிஞ்சா போதும். எங்க ஊரு மைன்ஸ்ல டோக்கன் எடுத்துக்கிட்டுத்தான் இறங்குவாங்க. மேல வந்ததும் திருப்பிக் குடுக்கணும். டோக்கன் திரும்பலன்னா ஆள் கீழ இருக்கான்னு அர்த்தம். ரொம்ப நேரம் திரும்பலன்னா தேடிப் போவாங்க."

இருவருக்கும் அதுதான் சட்டம். டோக்கன் ஆணியில் தொங்கினால் அவர் வேலையில் இல்லை. அவரைக் கூப்பிடக் கூடாது. ஆணி காலியாக இருந்தால் அவர் வேலையில் இருக்கிறார். எங்கே, என்ன என்று கேட்கக் கூடாது. டேங்கர் டிரைவர்கள் கூப்பிடுவதற்கென்று மேஜையில் ஒரு பழைய பட்டன் போன் உண்டு. யாருடைய டோக்கன் வெளியே இருக்கிறதோ அவர் பொறுப்பு அது. தூரமாகப் போனால் கூடவே எடுத்துப் போக வேண்டும். இந்த இரண்டரை விதியை நம்பி ஒரு கம்பெனி.

"நீ பாதியத் தூக்கிக் குடுத்திருக்க. அவரு எங்க இருக்காருன்னு கேக்கக்கூட உனக்கு உரிமை இல்லையா?" என்று பிரிசியிடம் கேட்டேன்.

"உரிமை இருக்கு மம்மி. அதனாலதான் கேக்கறதில்ல."

அவர்கள் இருவரும் முன்பு ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் பிடிக்கிற ஏற்பாடு ஒன்றை அங்கே கொண்டுவந்தார்களாம். ஷிப்ட் கேமராவுக்கு முன்னால் ஒரு பூசணிக்காயை வைத்துவிட்டு, தன் வேலையை அடுத்த அறையில் உட்கார்ந்து செய்திருக்கிறார். அந்த மாதம் பூசணிக்காய்க்கு முழு அட்டெண்டன்ஸ். மாதக் கடைசியில் அதே காயைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்து, "இவருதான் சார் உங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த வாரம் பிரிசியும் வந்துவிட்டாள். "அவன ஒண்ணு மட்டும் பண்ணக் கூடாது மம்மி. வேவு பாக்கக் கூடாது. பாத்தா எழுந்து போயிடுவான். அப்புறம் திரும்பிப் பாக்க மாட்டான்" என்று அவள் என்னை எச்சரித்திருந்தாள்.

நான் வேவு பார்க்கவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். பார்த்ததை ஒரு நீளமான நோட்டில் எழுதிவைத்தேன். தேதி, வந்த நேரம், போன நேரம், டோக்கன் நிலை, குறிப்பு என்று ஐந்து கட்டம். குறிப்புக் கட்டத்தில் சிவப்பு மையால், 'டோக்கன் வெளியே. ஆள் மாடியில் இல்லை' என்று ஒரே மாதத்தில் ஒன்பது இடத்தில் எழுதும்படி ஆயிற்று. வேலையில் இருக்கிறேன் என்று டோக்கனை எடுத்துக்கொண்டு இந்த மனிதர் எங்கே போகிறார்? வேறு கம்பெனிக்கா? பிரிசியின் ஆப்பை இன்னொருவருக்கு விற்கப் போகிறாரா? என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். நோட்டை அவரிடம் காட்டினேன். "கையெழுத்து நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

சந்தாபுராவில் ஒரு பெரிய அபார்ட்மென்ட் சங்கத்தார் அன்றைக்கு ஆப்பைச் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு என்று மூன்று டேங்கர். மூன்றும் சொன்ன நேரத்துக்கு வந்தால் கையெழுத்துப் போடுவார்கள். அதற்காக ஷிப்ட் முந்தின நாள் மத்தியானம் மாடிக்கு ஏறியவர், காலை ஒன்பது பத்துக்குத்தான் இறங்கினார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். இறங்கும் முன்பே டோக்கனை ஆணியில் மாட்டியிருந்தார். "குட் நைட் ஆன்ட்டி" என்றார். ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். நோட்டில் எழுதினேன்.

அப்போதுதான் எனக்கு என் பழைய வழி ஞாபகம் வந்தது. டோக்கனை எடுத்து ஒளித்துவைத்தால், பிரிசி காலி ஆணியைப் பார்த்து, 'ஷிப்ட் வேலையில் இருக்கிறான்' என்பாள். உடனே நான் கைப்பையைத் திறந்து, 'இந்தா உன் வேலையில் இருக்கிற ஆள்' என்று காட்டுவேன். அந்தப் பலகை எதையும் நிரூபிக்காது என்று அவளுக்கு ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும். இதில் எனக்குத் தப்பாக எதுவும் தெரியவில்லை. பாடம் நடத்துவது போலத்தான் நினைத்தேன்.

டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன். வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் நின்றார். நான் பின்பக்கம் அவரோடு சிலிண்டரை எடை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பிரிசி குளித்து முடித்து மாடிக்குப் போய், பலகையைப் பார்த்து, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாக ஸ்கூட்டரில் சந்தாபுராவுக்குக் கிளம்பிவிட்டாள். டிரைவர் போனை மேஜையிலேயே விட்டுவிட்டாள். இரண்டாவது ஆணி காலி, போன் மேஜையில். அப்படியானால் ஷிப்ட் தெருமுனைக்கு டீ குடிக்கப் போயிருக்கிறான், வந்துவிடுவான். அவள் கணக்கில் தவறே இல்லை. பாடத்தைச் சாயங்காலம் நடத்திக்கொள்ளலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்கு மாடியில் போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. ஒன்பது ஐம்பதுக்கு மறுபடி. பத்து ஐந்துக்கு மறுபடி. நான் கீழே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியபடி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 'அழைப்பு. எடுக்கவில்லை.' சிவப்பு மையில். அவருடைய டோக்கன் என் கைப்பைக்குள் இருக்கும்போதே அவர் போனை எடுக்கவில்லை என்று அவர் மேல் குற்றம் எழுதிக்கொண்டிருந்தேன். இருபத்து நான்கு வருட அனுபவம் என்னை அந்த இடத்தில்தான் கொண்டு நிறுத்தியது.

பதினொன்று இருபத்தைந்துக்கு என் போன் அடித்தது. பிரிசி.

"மம்மி, ஷிப்ட் மேல இருக்கானா பாரு. பதினோரு மணி டேங்கர் இன்னும் வரல. டிரைவர் போன யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. அவன் போன் ஸ்விட்ச் ஆஃப்."

"நான்தான் சொன்னேனே, அந்த ஆள..."

"மம்மி, பேசாத. மேல போ. பாத்ரூம்ல கீத்ரூம்ல விழுந்து கெடக்கறானா பாரு. ஒரு நாள் பூரா தூங்கல அவன்."

நான் மாடிக்கு ஓடினேன். அவள் சொன்னது எனக்குப் படியேறும்போதுதான் மெல்ல உறைத்தது. 'ஏமாற்றிவிட்டான்' என்று அவள் சொல்லவில்லை. அது அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. 'அவனுக்கு என்னமோ ஆகிவிட்டது' என்பதுதான் அவளுக்குத் தோன்றியது.

"இங்க யாரும் இல்லம்மா."

"டோக்கன்? ஆணியில இருக்கா?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். "ஆணியில இல்ல" என்றேன். உண்மைதான். ஆணியில் இல்லை.

"அய்யோ" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

உடனே கூப்பிட்டேன். அவள் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டேன். அப்போதும் பேசிக்கொண்டிருந்தாள். மேஜை மேல் டிரைவர் போன் அலறியது. எடுத்தேன்.

"மேடம், காலைலேர்ந்து அடிக்கிறோம். எந்த கேட்டு, எந்த பிளாக்குன்னு சொல்ல ஆளே இல்ல. நான் வேற லோடு ஏத்திட்டேன்."

வேலைக்கு வராமல் சாக்குச் சொல்லும் குரலைக் கேட்டதும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. "அந்த லோட எறக்கிட்டு அரை மணில சந்தாபுரா ரோட்டுல இருக்கணும். நான் மறுபடி கூப்பிடுவேன். எந்தக் கடை வாசல்ல நிக்கறீங்கன்னு கேப்பேன்" என்றேன். அடுத்த டிரைவர் கன்னடக்காரர். "பர்த்தா இதீனி மேடம், ஐது நிமிஷா, ஹெப்பகோடி" என்றார். வந்துகொண்டேயிருக்கிறாராம், சந்தாபுராவுக்குச் சற்று முன்னால் ஹெப்பகோடியில் இருக்கிறாராம், ஐந்து நிமிடமாம். பின்னால் ரயில் வரும் நடைமேடை எண்ணை ஒரு பெண் குரல் அறிவித்துக்கொண்டிருந்தது.

"ஹெப்பகோடில ரயில்வே ஸ்டேஷன் எப்பப்பா கட்டினாங்க?"

"ஒக்கலிபுரம், மேடம்" என்றார், தமிழிலேயே. ஒக்கலிபுரம் ஊருக்கு நடுவில், சிட்டி ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது. "சாப்புட வீட்டுக்கு வந்தேன்."

"சாப்புட்டாச்சா?"

"ஆச்சு மேடம்."

"அப்ப வண்டிய எடுங்க."

மேஜையில் இருந்த சீட்டைப் பார்த்து கேட், பிளாக் எல்லாம் சொன்னேன்; மூன்று டேங்கரும் ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள் சந்தாபுரா போய்ச் சேர்ந்தன. சங்கத்துச் செயலாளர் அந்தப் போனுக்கே கூப்பிட்டு, "தண்ணி வந்துடுச்சு, சரி. உங்க ஆளு அந்தப் பொண்ணு எங்க? பாதிப் பேச்சுல ஓடிப்போயிடுச்சே" என்றார். ஓடிப்போய்விட்டாள். கையெழுத்து, சங்கம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, ஷிப்ட்டைத் தேட ஓடியிருக்கிறாள். அதற்கு முன்னால், பன்னிரண்டரைக்கு ஒரே ஒருமுறை அவள் போன் கிடைத்திருந்தது. "பிரிசி, டோக்கன் வந்து..." என்று நான் ஆரம்பிப்பதற்குள், "அப்புறம் மம்மி, ஹாஸ்பிடல் கேஷுவாலிட்டில இருக்கேன், லிஸ்ட் பாக்குறாங்க" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் போனும் அணைந்துவிட்டது.

மூன்று ஐம்பதுக்கு வந்தாள். முகம் முழுக்கப் புழுதி. தெருமுனை டீக்கடை, கண்டோன்மென்ட் ஸ்டேஷன், ஒக்கலிபுரத்தில் அவர் டிரைவர்களோடு உட்காருகிற இடம், இரண்டு ஆஸ்பத்திரி என்று அத்தனையும் சுற்றியிருக்கிறாள். போன இடத்திலெல்லாம், "ஷிப்ட் இங்கதான் உக்காந்து எங்க வண்டி ரூட்ட எல்லாம் கேட்டு எழுதிக்குவாரு" என்று சொன்னார்களாம். என் ஒன்பது சிவப்புக் குறிப்புகளுக்கும் பதில் அதுதான்.

நான் கைப்பையைத் திறந்து டோக்கனை எடுத்து நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "எத்தன மணிக்கு எடுத்த?"

"ஒம்போது பதினேழு."

"அவன் எப்ப மாட்டினான்?"

"ஒம்போது பத்து. குட் நைட்டுன்னு சொல்லிட்டு ஊருக்குப் போனாரு."

அவள் படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், "நோட்டும் வெச்சிருக்கியா மம்மி?" என்றாள். எனக்கு எப்படி மறைப்பது என்று தெரியவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"அவன்கிட்ட சொல்லணும்."

"வேணாம்மா. போயிடுவாருன்னு நீதானே சொன்ன."

"போயிடுவான்தான். சொல்லாம வெச்சிருந்தா மட்டும் அவன் இங்க இருக்கான்னு அர்த்தமா?"

கீழ்ப்படியில் அவளும் வாசற்படியில் நானுமாக உட்கார்ந்திருந்தோம். என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தார், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். என் பெண் நம்பிப் பாதிக் கம்பெனியைக் கொடுத்த ஒரு ஆளை நான் ஒரே காலையில் ஓட்டிவிட்டேன் என்பதை அந்த நேரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஆப்பை யாரோ திருடிவிடுவார்கள் என்று பயந்தேன். அவளிடம் இருந்த பெரிய சொத்து ஆப் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

ஐந்து நாற்பதுக்கு கேட் திறந்தது. ஷிப்ட். வீட்டில் கட்டியிருந்த லுங்கிக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு, அப்படியே ரயிலேறி வந்திருந்தார். கன்னத்தில் பாயின் கோடுகள்.

"முழிச்சு போன ஆன் பண்ணா அறுவத்திரெண்டு மிஸ்டு கால். யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"உனக்குத்தான்" என்றாள் பிரிசி. எழுந்து அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு நோட்டை அவர் கையில் கொடுத்தாள்.

நான் எழுந்து நின்று சொன்னேன். டோக்கன், கைப்பை, ஜன்னல், சிவப்பு மை, எதையும் விடவில்லை. "தப்பு என்னோடது தம்பி. என் பொண்ண விட்டுட்டுப் போயிடாதீங்க. நான் மாடிப் பக்கமே வர மாட்டேன்" என்றேன்.

அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பூசணிக்காய் வைத்த மனிதர் இப்போது என்ன செய்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். மூடினார். என்னைப் பார்க்காமல் பிரிசியைப் பார்த்தார்.

"என்னத் தேடுனியா?"

"பின்ன? டோக்கன் காணோம்ல."

"எங்கெல்லாம்?"

அவள் சொன்னாள். சந்தாபுராவிலிருந்து பாதியில் கிளம்பியதைச் சொன்னாள். கேஷுவாலிட்டியில் அங்க அடையாளம் கேட்டபோது, 'எப்பவும் தூக்கக் கலக்கத்துல இருக்கற மாதிரி இருப்பான்' என்று எழுதிக் கொடுத்ததைச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எங்கள் வாசற்படியில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"எங்கப்பா ஒருதரம் மைன்ஸ்ல கீழ, ஒரு ஓரமா அசந்து தூங்கிட்டாரு ஆன்ட்டி. டோக்கன் திரும்பலன்னு ஏழு பேரு இறங்கித் தேடுனாங்க. இன்னைக்கு வரைக்கும் வீட்டுக்கு யாரு வந்தாலும் அந்தக் கதையச் சொல்லாம காபி குடுக்க மாட்டாரு. என்னத் தேடி ஏழு பேரு வந்தாங்கன்னு. நாங்க எல்லாம் கேட்டுக் கேட்டு அலுத்துட்டோம்." நோட்டை என் மடியில் வைத்தார். "இனிமே அவரு ஆரம்பிச்சா, நானும் ஒண்ணு சொல்லுவேன்."